ஆரஞ்சுக்கு ஊசி, ஆட்களுக்குச் சாயா

எடிசன், நியூ ஜெர்சி
8-10-1998, வியாழக்கிழமை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் ஃபெமினாவுக்கு உன் அப்பா எழுதுவது. நீயும் மருமகன் ஜாக்சனும் கலிபோர்னியாவில் நல்ல சுகத்தோடு இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம், நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் என் மட்டில் அது முழு உண்மை இல்லை மக்களே, என் செல்லப் பிள்ளையே. அடுத்த மாதம் பத்தாம் தேதி இடுப்பு ஆபரேஷன் உன் அம்மாவுக்கு, தூக்கம் போனது எனக்கு. போனில் பேசலாமே, எதற்கு இந்த மனுஷன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அம்மா அடுக்களைப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாள், என்ன சாப்பிட்டாய் என்பதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியவில்லை. அதனால் இதை வாசித்த கையோடு போன் பண்ணி, அப்பா இப்படி எழுதியிருக்காங்களே என்று அவளிடமே கேட்டு வைக்காதே.

வீட்டை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு குனியக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்ந்த நாற்காலியில் இருக்கக் கூடாது, மீறினால் புது மூட்டு குழியை விட்டுக் கழன்று வந்துவிடுமாம். கால் தடுக்கும் என்று தரைவிரிப்பெல்லாம் சுருட்டிக் கராஜுக்குப் போயாயிற்று. படி ஏற முடியாது என்று மாடியிலிருந்து கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து ஹாலில் ஜன்னல் பக்கம் போட்டேன், வெயில் முகத்தில் அடிக்கிறது என்றாள், சுவர்ப் பக்கம் தள்ளினேன், பாத்ரூமுக்கு அங்கிருந்து நடக்க முடியுமா என்றாள், இப்போது கட்டில் ஹாலுக்கு நட்ட நடுவில் கிடக்கிறது, நான் போகும்போதும் வரும்போதும் முட்டியில் இடித்துக்கொள்கிறேன். அடுக்களையில் மேல் அலமாரியில் இருந்ததும் கீழ் அலமாரியில் இருந்ததும் எல்லாம் குனியாமல் எக்காமல் எடுக்கிற உயரத்துக்கு வந்து வரிசையாக நிற்கின்றன, அவள் நாற்காலியில் இருந்து கை காட்டினாள், சுமந்து வைத்தவன் நான். கக்கூஸ் மேல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் இருக்கை மாட்டியிருக்கிறோம், அதில் இருந்தால் எனக்குக் கால் தரையில் எட்டவில்லை, சிம்மாசனம் மாதிரி இருக்கிறது. பல்லில் சீழ் இருந்தால் அந்தக் கிருமி இடுப்புக்குப் போய்விடும் என்று கடைவாய்ப் பல் ஒன்றையும் பிடுங்கியாயிற்று, இடுப்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தமோ, கேட்டால் உங்களுக்குச் சொன்னா விளங்காது என்கிறாள். ஆபரேஷனில் ஏற்றுவதற்குத் தன் ரத்தத்தைத் தானே இரண்டு தடவை கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்று கொடுத்தாயிற்று, அதிலிருந்து ஆள் வெளிறிப்போய் இருக்கிறாள். ஐசலினில் முருங்கைக்கீரை கிடைக்கிறதா என்று வாரம் இரண்டு தரம் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளுக்கு ஓடுகிறேன். கீரை இல்லாத நாளில் வெறுங்கையோடு வரப் பிடிக்காமல் மிக்சர் வாங்கி வருகிறேன், அதற்கும் திட்டு விழுகிறது.

உன் அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக எலும்பு வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், இடுப்பு மாற்றினவர்களை மறுநாளே எழுப்பி நடக்க வைத்தவள். அதுதான் இப்போது தொந்தரவு. தெரியாதவர்களுக்கு ஒரே பயம், இவளுக்குத் தெரிந்த பயம் நூறு இருக்கிறது. சாப்பிட இருக்கிற நேரத்தில், ஒருத்திக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போன கதையை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்கிறாள். எனக்குச் சோறு இறங்க வேண்டாமா? தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து வேறு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கியிருக்கிறாள், கூட வேலை பார்க்கிறவர்கள் தனக்குப் பெட்பான் வைப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறதாம். சபையிலும் ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஆனால் மக்களே, நேற்று ஜெபக்கூட்டத்தில் எனக்கு மனசு தாங்கவில்லை. பாஸ்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி, ஐயா நீங்க தனியா ஜெபிச்சாப் போதும், வெளிய சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார். பக்கத்தில் அவர் மனைவி சாந்தாமணி அக்கா நின்றதை நான் பிறகுதான் பார்த்தேன்.

இனி ஊசி விஷயம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றுத் தோலில் ஒரு ஊசி போட வேண்டுமாம். அதை நான் படிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தையும் வெறும் தண்ணீர் நிறைத்த ஊசியையும் என் முன்னால் வைத்தாள். ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும் என்று உனக்குத் தெரியும், உனக்கு அம்மை ஊசி போட்ட அன்றைக்கு உன்னை விட்டுவிட்டு என்னைத்தான் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். இருந்தாலும் தினமும் காலையில் ஆரஞ்சுக்கு ஊசி போடுகிறேன். ஊசி தோலை வழுக்கிப் பக்கவாட்டில் போகிறது. ஆரஞ்சு ஒன்றும் சொல்வதில்லை, அம்மாதான் இன்னும் சரிவா பிடியுங்க, குத்திக் கிளறாதீங்க என்கிறாள். கண்ணை மூடினால் அவள் வயிறும் என் கையும்தான் தெரிகிறது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் பொறுக்கவில்லை. இடுப்பு மாற்றப் போகிறவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு வைத்தார்கள், வெள்ளைக்காரத் தம்பதிகள் நிறையப் பேர், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நம் ஆள். ஒரு சோஷியல் வொர்க்கர் அம்மா வந்து ஒவ்வொருவரிடமும், ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வீட்டுக்குப் போகிறீர்களா, இல்லை ரீஹாபில் போய்த் தங்குகிறீர்களா என்று கேட்டாள். ரீஹாப் என்றால் வேறொன்றும் இல்லை, இந்த வயசானவர்களை வைத்திருக்கிற இடத்தில்தான் ஒரு பக்கம் கட்டில் போட்டுக் கொடுப்பார்கள். மற்றப் பெண்கள் எல்லாம் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு ஹோம் ஹோம் என்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் உன் அம்மா, ரீஹாப், குறைஞ்சது ரெண்டு வாரம், என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் வந்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, அப்புறம் பேசலாம், கட்டிலை அந்தப் பக்கம் நகட்டுங்க என்றாள். வீட்டுக்கு வரப் போவதில்லை என்றால் கட்டில் எதற்கு, சிம்மாசனம் எதற்கு, ஆரஞ்சு எதற்கு என்று கேட்க வந்ததை விட்டுவிட்டுக் கட்டிலை நகட்டினேன். என் கையை நம்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். நான் இருக்கும்போது என் பெண்டாட்டி யாரோ ஒருத்தர் வீட்டில் போய்க் கிடக்கவா? எனக்கு அழுகை வருகிறது மக்களே. நீ பேசினால் கேட்பாள். ஒரு வாரம் லீவு போட்டு வருகிறேன் என்று நீ சொன்னாய், கம்ப்யூட்டரில் இரண்டாயிரமாவது வருஷக் கோளாறைச் சரிபண்ணுகிற வேலை உன் கம்பெனியில் தலைக்கு மேல் கிடக்கிறது என்பதும் தெரியும், வா என்று சொல்லவும் மனசில்லை, வராதே என்று சொல்லவும் தைரியமில்லை. அம்மா கூப்பிடுகிறாள், பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

மூன்று நாளாக இந்தக் காகிதம் பைபிளுக்குள் இருந்தது. அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன். நேற்று சாயந்தரம் அம்மா ஹாலில் உயர நாற்காலியில் இருந்து இடுப்பில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள், நான் காலையில் குத்திய ஆரஞ்சையே மறுபடி குத்திக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம், ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு வேன். சாந்தாமணி அக்கா ஒரு வாரம் ரகசியம் காப்பார்கள் என்று நினைத்தேன், மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. பாஸ்டர் முன்னால், பின்னால் பாதிச் சபை, கையில் கேக்கும் பழமும். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பெல் அடித்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, நாற்காலிக் கையைப் பிடித்து ஒரே உந்தில் எழும்பப் பார்த்தாள், வலியில் முகம் கோணிப் போயிற்று. எனக்கு அப்போது எங்கிருந்து அதிகாரம் வந்ததோ, அவள் தோளைப் பிடித்து, இரி, நீ இரி, நான் பாத்துக்கிடுகேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அடுப்புக்கு முன்னால் நின்ற பிறகுதான் மக்களே எனக்குச் சாயா போடத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. நான் போஸ்ட் ஆபீசில் ராத்திரி ஷிப்ட், அவள் ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட், வாசலில் பார்த்துக்கொள்வோம், அவள் போட்டு வைத்த பிளாஸ்க் என் கையில் இருக்கும். எனக்குச் சுகர் வந்த பிறகு சீனி இல்லாத சாயா, ஆனால் பிளாஸ்க் அதே பிளாஸ்க். ரிட்டயர் ஆன பிறகும் அப்படியே. ஆனாலும் சாமானைத் தேட வேண்டிய கஷ்டம் இல்லை, எல்லாம் நான் சுமந்து வைத்ததுதானே, சாயாத்தூள் கண்ணுக்கு நேரே நின்றது. பால் பொங்கி அடுப்பில் ஊற்றி ஒரே தீய்ந்த வாடை. மறுபடி வைத்தேன், இஞ்சி தட்டிப் போட்டேன், அது யாரும் சொல்லாமல் எனக்கே தோன்றியது. சாந்தாமணி அக்கா எட்டிப் பார்த்து, அண்ணே சீனி எங்க, நான் வந்து எடுக்கட்டா என்றார்கள், நீங்க போய் இரிங்க, இங்க நான் ஆக்கும் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினேன். தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்கும் கொடுத்தேன். எல்லாரும் குடித்தார்கள், ஒருத்தரும் ஒரு குறை சொல்லவில்லை. இன்னொரு கப் என்றதற்குப் பாஸ்டர் போதும் போதும் என்றார், வயிறு நிறைந்திருக்கும். பாட்டுப் பாடி ஜெபித்து, யார் யாருக்கு முழங்கால் போயிற்று, யாருக்கு முதுகு போயிற்று என்ற கதையெல்லாம் பேசி முடித்துப் போவதற்குள் இருட்டிவிட்டது. அவ்வளவு நேரமும் உன் அம்மா நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

கப்பெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திட்டு வாங்குவதற்குத் தயாராகப் பக்கத்தில் வந்து இருந்தேன். அவள் திட்டவில்லை. வார்டில் தான் பார்த்த நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். இடுப்பு மாற்றி நல்லபடியாக வீட்டுக்குப் போனவள் மூன்றாம் நாள் ஆம்புலன்சில் திரும்ப வந்தாளாம், மூட்டு கழன்று. பார்க்க ஆள் வந்திருக்கிறது, சாயா போட எழும்பி, கீழ் அலமாரியில் இருந்த சீனியை எடுக்கக் குனிந்திருக்கிறாள். அவ வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஹால்ல வந்தவங்ககூட அவ ஆபரேஷன் கதையைச் சொல்லிட்டு இருந்திருக்காரு, என்றாள். அதாக்கும் நான் ரீஹாப்னு சொன்னது, உங்க கைக்குப் பயந்து இல்ல, பெல் அடிச்சா என்னால இருக்க முடியாது, என் காலுக்குப் பயந்து, என்றாள். பிறகு அவளே, திங்கக்கிழமை அந்த சோஷியல் வொர்க்கருக்குப் போன் பண்ணுங்க, வீட்டுக்கு வாறேன்னு சொல்லுங்க, என்றாள். ஊசி, என்று இழுத்தேன். ஊசியை நானே போட்டுக்கிடுவேன், ஊருக்கே போட்டவளுக்குத் தனக்குப் போடத் தெரியாதா, என்றாள். அப்போ எதற்கு என்னை இத்தனை நாள் ஆரஞ்சைக் குத்த வைத்தாய் என்று கோபமாகவே கேட்டேன். நீங்க ஒரு இடத்துல இருக்க மாட்டீங்க, என் பின்னாலயே நடந்து நடந்து எனக்குத் தலை சுத்திச்சு, கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு தந்தேன், என்கிறாள். இப்படிப்பட்டவளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. பத்தாம் தேதி அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நான் எங்கே நிற்பேன், கையை எங்கே வைப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குத்தான் வருகிறாள், அது போதும். அதனால் நீ இப்போது லீவு போட வேண்டாம், வேலையைப் பார். கிறிஸ்துமசுக்கு ஜாக்சனையும் கூட்டிக்கொண்டு வா, அம்மா தடியை ஊன்றி வாசலுக்கு வருவாள், உங்களுக்குச் சாயா நான் போடுவேன். ஃப்ரீவேயில் ராத்திரி தனியாக டிரைவ் பண்ணாதே, காலையில் ஒன்றும் தின்னாமல் ஆபீசுக்கு ஓடாதே. வரும்போது பழம் எதுவும் வாங்கி வராதே, ஆரஞ்சு இன்னும் தின்று தீரவில்லை. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. பத்தாம் தேதி காலையில் எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி அம்மாவை நினைத்துக்கொள், மறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அப்பா
சா. தேவநேசன்

மக்களே, கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு அப்பா ஸ்டாம்ப் தேட மாடிக்குப் போயிருக்கிறார்கள். எல்லாம் வாசித்தேன். அன்றைக்குச் சாயாவில் சீனியே போடவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்தார்கள், பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். சீனி டப்பா என் நாற்காலிக்கு நேரே தெரிந்துகொண்டே இருந்தது. நான் எழும்பவில்லை. அப்பாவிடம் நீ இதைச் சொல்லக் கூடாது. அம்மா.