ஃபோர்க்கில் ஒரு கோடு

புதன்கிழமை, இரவு ஒன்பது மணி.

அப்பா நிலக்கரி மைன்ஸ் வேலைக்கு ஓட்டிய சைக்கிளுக்கு இன்று கடைசிப் பூச்சும் காய்ந்தது. மருமகள் சுதா தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு இதுலதான் போறேன் மாமா" என்றாள்.

மகன் சிரித்தான். "விடுவாரா பாரு. இன்னும் ரெண்டு மாசம் துடைப்பாரு."

நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பழைய பெயின்ட்டைத் தேய்த்தபோது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் கழுத்தில் முடி அளவுக் கோடு தெரிந்தது. உப்புத்தாள் கீறல் என்று எண்ணி மேலே கறுப்பு பூசிவிட்டேன். கீறலாகவே இருக்கலாம். விரிசல் என்றால், அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் போகும் சாலையில் ஃபோர்க் ஒடியும்.

சாப்பிடும்போது சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் ரசம் கேட்டேன்.

பிறகு யாரும் பார்க்காதபோது இரண்டு டயரிலும் காற்றை இறக்கிவிட்டேன். பம்ப் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இந்த வயதில் செய்கிற வேலையா இது.

சுதா ஐந்தரைக்குக் கிளம்புவாள். அதற்கு முன் எழுந்து, அந்த இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டி அவளிடமே காட்டிவிட வேண்டும். வெறும் கீறல் என்றால் வீடே கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டும். அலாரம் நாலரைக்கு.