பச்சைக் குடமும் பள்ளிக்கூடத்துக் குழியும்

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீ இனி யாரிடம் காட்டப்போகிறாய்? இருந்தாலும் பயமாக இருக்கிறது.

வெளியே மழை. மாடித் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டதும் பச்சைக் குடத்தோடு நீ நிற்பது போலவே இருக்கிறது.

வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னதும், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்திலிருந்து நாம் இருவரும் நோட்டோடு தெருத்தெருவாகப் போனோமே. சில வீடுகளில் சுவரில் குழாயை மட்டும் மாட்டி, நுனியை மண்ணில் செருகியிருந்தார்கள். கீழே குழியே இருக்காது. நீ மாடியேறிக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாய். அடியில் பொங்கி வாசலெல்லாம் ஓடும்.

"அதான் குழாய் இருக்குல்ல, எழுதிக்கிட்டு கெளம்புங்கடி" என்றார் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா.

"குழாயா தண்ணி குடிக்கும்? மண்ணுல்லக்கா குடிக்கணும்!" என்றாய் நீ.

அந்த அக்காவே சிரித்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக் குழியை வெட்டியவர் என் அப்பா. உன் உயரத்துக்கும் மேல் ஆழம். நிரப்ப ஜல்லி வந்து சேரவில்லை. விடிந்தால் பார்வையிட அதிகாரி வருகிறார். "தென்னங்கீத்தப் போட்டு மேல மணலப் பரப்பிடுவோம். ஜல்லி வந்ததும் நெரப்பிக்கலாம்" என்றார் அப்பா. நானும் கூடை கூடையாக மணல் கொட்டினேன். அதிகாரி மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார். 'குழி நிரப்பப்பட்டது' என்று மன்ற நோட்டில் எழுதியது என் கை.

அப்புறம் இரண்டு நாள் நல்ல மழை.

"ஏண்டி, ஊரெல்லாம் ஊத்திப் பாத்தோம். நம்ம குழியில பாக்கலையே?" என்று கேட்டாய்.

"நான் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. பேசாம வா."

சொன்னால் அப்பாவைத் திட்டுவார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நீ தனியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாய். ஆனால் என் பேச்சை நம்பித்தானே அந்த மணலில் கால் வைத்தாய்? கீற்று உள்வாங்கிவிட்டது. குழித் தண்ணீரில் குடம் மிதந்ததைப் பார்த்த பிறகுதான் உன்னைத் தேடினார்கள்.

"எம்புள்ளைக்கு அங்க என்னடி வேல?" என்று உன் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நாளைக்கு விசாரணை. "சுத்தி கயிறு கட்டியிருந்துச்சு, அந்தப் புள்ளதான் தாண்டிக் குதிச்சிச்சுன்னு சொல்லு" என்கிறார் அப்பா. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ தாண்டிக் குதித்ததாக நான் சொல்ல மாட்டேன். நோட்டு என் பாயின் அடியில்தான் இருக்கிறது. நான் எழுதிய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: 'கீற்றின் மேல் மணல். நானும் கொட்டினேன்.' காலையில் உன் அம்மாவிடம்தான் முதலில் காட்டப்போகிறேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "இன்னும் என்னம்மா எழுதிக்கிட்டு இருக்க? கதவத் தொற." அப்பாதான்.