வெல்லம் தூசியை இறக்காது

ஒக்கலிபுரம், பெங்களூர்
16-7-99

என் மித்துக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி நாகேஷும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே ராஜஸ்தான் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ இல்லையோ, அதை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. அப்பா காரியத்துக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாய், ஐந்து மாதம் ஆகிறது, நாகேஷுக்கு இரண்டு கடிதம் வந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நான் நாலாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. பக்கத்து வீட்டு ஜூடித் நான் எழுதித் தரட்டுமாக்கா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், இதை நானேதான் எழுதணும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, சமையல்கட்டு ஷீட் ஒழுகுகிறது, நாகேஷ் மேலே ஏறித் தார்ப்பாய் போட்டான். அவன் சங்கதிதான் சொல்ல வந்தேன். போன வாரம் அப்பாவின் கல் பாலிஷ் ஷெட்டிலிருந்து ஆம்ப்ரோஸ் மேஸ்திரி வந்தார். உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, முனிராஜ் எடம் காலியாத்தான் கெடக்குதும்மா, திங்கக்கெழமையிலேர்ந்து பையனை அனுப்பு, அப்பன் கை அவனுக்கும் வரும், யோச்னெ மாட்பேடா, கவலப்படாத என்றார். நிலையான வேலை இல்லாமல் அலைகிறவன் இல்லையா, இவன் உடனே சரி என்றுவிட்டான். அவர் போனதும் நான் வேண்டாம்டா, அந்தத் தூசி ஆகாது என்றேன். அவன் சிரித்தான் மித்து. இன்னாம்மா புதுசா பேசற, நீதான டெய்லி சொல்லுவ, ஒரு உருண்டை வெல்லம் வாயில போட்டா தூசி தன்னால எறங்கிடும்னு, எனக்கும் ரெண்டு உருண்டை கட்டிக் குடு என்றான். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கொடுத்தோம், யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, இருபது வருஷம் அப்பா டப்பாவில் சோற்றுக்கு மேலே ஒரு உருண்டை வைத்தேன்.

கல்லைப் பற்றிப் படிக்கிற நீ காலேஜ் லீவுக்கு வந்தபோது அதே வெல்லத்தை வைத்துத்தான் அப்பாவுக்குப் பாடம் நடத்தினாய். பாகு காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, பூமிக்குள்ள கொதிக்கிறது ஆறினா இப்படித்தாம்பா கல்லாகும் என்றாய். அதை உடைத்துத் தூளாக்கிக் கிண்ணத்தில் ஈரக் கையால் அமுக்கி, வெயில்லயும் மழையிலயும் அந்தக் கல்லு தேஞ்சு மணலாகி, தண்ணிக்கு அடியில படிஞ்சு படிஞ்சு இப்படி வேற கல்லாகும் என்றாய். அப்புறம் அந்தக் கட்டியைத் தட்டில் கவிழ்த்து அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாய். கீழே போன கல்லு உருகாமலே, சூட்டுலயும் பாரத்துலயும் இன்னொரு கல்லா மாறிடும், மறுபடியும் உருகினாலும் உருகும், இது முடியவே முடியாதுப்பா என்றாய். குழவி நாசமாகிறது என்று நான் கத்தினேன். அப்பா மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அவர் அறுக்கிற கல்லில் வரி வரியாக ஓடுமே, கடையில் அதையும் கிரானைட் என்றுதானே விற்கிறார்கள், அது அப்படி அழுந்தி மாறின கல் என்று நீ சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே பெருமை. ஷெட்டில் பலகையைத் தட்டி, நீ முன்னாடி யாருப்பா, மணலா நெருப்பா என்று கேட்பாராம். எல்லாரும் புரொஃபசர் வந்துட்டாருடா என்று கேலி பண்ணுவார்களாம், அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த லீவிலேயே நீ ஒருநாள் ஷெட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணி ஊத்தாம அறுக்கறாங்கம்மா, அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போய்த் தங்கிடும், வெல்லம் வயித்துக்குத்தான் போகும், நெஞ்சுக்குப் போகாது, அப்பாவ நிறுத்தச் சொல்லு என்றாய். நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன். படிச்ச திமிரு, உன்னைப் படிக்க வெச்சதே அந்தத் தூசிதாண்டி என்றேன். அதற்கப்புறம் எதுவானாலும் நீ அப்பாவிடம்தான் சொன்னாய். வேலை கிடைத்து ரயில் ஏறும்போதும் அப்பாவிடம்தான் போய்வருகிறேன் என்றாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் எக்ஸ்ரே படத்தை விளக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக இருந்தது. கல்தூள் உள்ளே போய்ப் படிந்து படிந்து நுரையீரலே கெட்டியாகிவிட்டதம்மா என்றார். நீ கிண்ணத்தில் அமுக்கினது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று இருக்கிறது, உனக்குத் தெரியாது. நீ வேலைக்குப் போன வருஷம் நவம்பர் மாதம் ஒரு சாயங்காலம், அப்பா ஷெட்டிலிருந்து வந்து கைகால் கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். காந்தா, மித்து சொன்னது சரிதான் போல, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, வைட்ஃபீல்டுல புதுக் கட்டடத்துல வாட்ச்மேன் வேலை இருக்குதாம், போயிடட்டுமா என்றார். என்னைக் கேட்டார் மித்து. நான் அவர் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா ஆம்பள கைத்தொழில விட்டுட்டு கேட்டாண்ட குந்திக்குவியா என்றேன். குடும்பம் நடக்கணுமே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நீ சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது, அதற்காகத்தான் சொன்னேன். அப்பா மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகிற அத்திபெலே பஸ்ஸுக்குப் போனார். அதற்கப்புறம் நாலு வருஷம் போனார்.

திங்கட்கிழமை காலையில் நாகேஷ் சட்டை மாட்டிக்கொண்டு, அப்பாவின் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் வாசலை மறித்து நின்று இது அத்தனையையும் அவனிடம் சொன்னேன். உங்க அப்பாவ நிறுத்தாம அனுப்பினது நான்தாண்டா, உன்னையும் அனுப்ப மாட்டேன் என்றேன். டப்பாவைக் கீழே வைத்தான். ஒரு கேள்வி கேட்டான். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அன்றைக்கு அவன் ஷெட்டுக்குப் போகவில்லை, இன்று வரைக்கும் போகவில்லை, ஆம்ப்ரோஸ் இரண்டு தரம் ஆள் அனுப்பியும் போகவில்லை. வேறு வேலை தேடி வெளியே போகிறான், வைத்ததைச் சாப்பிடுகிறான், என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறது, போகாமல் நிற்கிறானே, எனக்கு அது போதும்.

நீ அவனுக்கு எழுது. கல் எப்படி மாறும், தூள் எப்படித் தங்கும் என்று அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே எழுது, நான் சொன்னால் இனிமேல் எடுபடாது. எனக்கு எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. வெயிலில் தலையில் துணி கட்டாமல் மலைக்குப் போகாதே, கல்லை உடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள், மறக்காதே. புத்தரின் கருணை உன்னைச் சுற்றி இருக்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழணும்.

நாகேஷ் கேட்டதை உன்னிடம் கேட்கிறேன். கல்லைத் தட்டிப் பார்த்து இத்தனை கோடி வருஷம் என்று சொல்கிறவள் நீ. அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டபோது, சரி விட்டுடு என்று நான் சொல்லியிருந்தால், அப்பா இன்னும் எத்தனை வருஷம் இருந்திருப்பார்?

உன் அம்மா,
மு. காந்தா