மாலெக் கேட்ட ஃப்ரேம்வொர்க்

செப்டம்பர் 5, திங்கள்

முதலாளி வஜ்தி தலைநகர் தூனிஸிலிருந்து கூப்பிட்டார். புது வேலை. எங்கள் ஸ்ஃபாக்ஸ் சுற்றுவட்டார ஆலிவ் ஆலைக்காரர்கள் சங்கத்துக்கு ஓர் இணையதளம். விவசாயிகள் எண்ணெய் ஆட்டத் தங்கள் நாளையும் நேரத்தையும் வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். நவம்பரில் அறுவடை. அதற்குள் ஓடியாக வேண்டும்.

"எந்த ஃப்ரேம்வொர்க்னு நீயே முடிவு பண்ணு ரௌதா. ஒரு வாரத்துல சொல்லிடு."

நீயே என்றால் நானும் மாலெக்கும். ஐந்து பேர் இருந்த அலுவலகத்தில் மிச்சம் நாங்கள் இருவர்தான். மற்ற மூவரும் பாரிஸ், பெர்லின், தோஹா. போகும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள். இப்போது பெருநாளைக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறார்கள், அதுவும் எல்லோருக்கும் அனுப்புகிற அதே பூ.

எனக்குச் சிம்ஃபொனி என்கிற பழைய ஃப்ரேம்வொர்க்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதில்தான் எழுதுகிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 7, புதன்

இருக்கிறதாம். மாலெக் மதியம் ரொட்டியில் ஹரிஸா மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தான்.

"இன்னுமா சிம்ஃபொனி? அக்கா, அதோட எத்தனை வருஷம் குடும்பம் நடத்துவீங்க?"

"அது ஒண்ணுதான் என்னை விட்டு ஓடாம இருக்கு."

சிரித்தான். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவனுக்கு ரியாக்ட் என்கிற புதுசு வேண்டும். அதில் பக்கம் முழுவதும் பயனரின் கைப்பேசியிலேயே உருவாகும்; தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்க அழகு. என்னுடையதில் எல்லாவற்றையும் எங்கள் சர்வரிலேயே சமைத்துத் தட்டில் வைத்து அனுப்புவோம். அழகு கம்மி, ஆனால் தட்டு போய்ச் சேரும். இரண்டு மணி வரை சண்டை போட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல மதியம்.

செப்டம்பர் 9, வெள்ளி

சங்கச் செயலாளர் ஹெடி வந்தார். ஊருக்கே மரியாதையாக ஸி ஹெடி. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"ஃப்ரேம்வொர்க்குன்னா என்ன மகளே?"

"தூணும் உத்தரமும் தயாரா வந்து இறங்கற மாதிரி, ஸி ஹெடி. சுவரும் கதவும் நாங்க வைப்போம்."

"எந்தத் தூணோ வச்சுக்கோங்க. கதவு திறந்தா சரி. தன் முறை எப்பன்னு தெரியாம மூட்டையோட ஆலை வாசல்ல ரெண்டு மூணு நாள் கிடந்தா காய் சூடேறிப்போகும். எண்ணெய் கெட்டுடும். அவன் வீட்டுல வருஷம் பூரா அதைத்தான் ஊத்திச் சாப்பிடணும்."

அவர் போனதும் மாலெக் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"உங்ககிட்ட மறைக்க மாட்டேன் அக்கா. ரியாக்ட்ல ஒரு முழு ப்ராஜெக்ட் பண்ணிக் காட்டினாதான் ஃப்ரான்ஸ்ல என்னை நேர்காணலுக்கே கூப்பிடுவாங்க. இங்க அது கிடைக்கலேன்னா தூனிஸ்ல ஒரு கம்பெனி கூப்பிடுது. அடுத்த மாசமே போயிடுவேன்."

குறைந்தபட்சம் இவன் முன்கூட்டியே சொன்னான்.

செப்டம்பர் 11, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. ரொட்டிக் கடையில் "ரெண்டு" என்று சொன்னதைப் பேச்சில் சேர்க்கலாமா?

செப்டம்பர் 12, திங்கள்

ரியாக்ட் என்று வஜ்திக்கு எழுதி அனுப்பிவிட்டேன். காரணங்களும் எழுதினேன்: நவீனமானது, பயனருக்கு இதமானது, ஆட்கள் எளிதில் கிடைப்பார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் காரணம் அவை இல்லை. மாலெக் போய்விட்டால் மதியம் நான் யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவேன்? அதுதான் காரணம். முப்பத்தொன்பது வயதுப் பொம்பளை, ஒரு ஊர் விவசாயிகளோட எண்ணெயை வச்சுத் துணை தேடுறேன் — வெக்கமாத்தான் இருக்கு.

இருந்தாலும் அவன் துள்ளிக் குதித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

செப்டம்பர் 28, புதன்

இப்போது அவன் எனக்கு வாத்தியார். "அக்கா, அதைத் தொடாதீங்க! தொட்டீங்க இல்ல? போச்சு!" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். பாதி எனக்குப் புரிகிறது, மீதியைப் புரிந்ததுபோல் தலையாட்டுகிறேன். காலையில் அலுவலகப் படியேறும்போது காபி வாசனை வருகிறது. எனக்கு முன்னால் ஒருவர் வந்து விளக்கைப் போட்டிருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 8, சனி

மவ்லித், நபிகள் பிறந்தநாள். கட்டிடம் முழுக்கப் பைன் விதைக் களியான அஸீதாவின் மணம். கிண்ணங்கள் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தன. நான் இரண்டே கிண்ணம் செய்தேன், பாதாமை வரிசையாக வைத்து அலங்கரித்தேன். ஒன்று எதிர்வீட்டுக்கு. இன்னொன்றை மாலெக்குக்கு என்று எடுத்து வைத்த பிறகுதான் அவன் கெய்ருவானில் அம்மா வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. நானே சாப்பிட்டேன். சர்க்கரை அதிகம்.

மொன்ட்ரியாலிலிருந்து தங்கை கூப்பிட்டாள். ஐந்து நிமிடம் பேசினோம், அதில் பாதி அங்கே குளிரா என்று.

அக்டோபர் 12, புதன்

இன்று பக்கத்து அகாரெபில் ஓர் ஆலையில் சோதனை. விவசாயிகள் இருபது பேரை ஸி ஹெடி கூட்டி வைத்திருந்தார். ஸல்ஹா என்ற பெண்மணி முதல் ஆளாகக் கைப்பேசியோடு வந்தாள். கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைப்பேசி. முகவரியை மாலெக் தட்டிக் கொடுத்தான்.

வெள்ளைப் பக்கம். காத்திருந்தோம். அப்போதும் வெள்ளை. அந்தத் தோப்புகளுக்கு நடுவே வலைத்தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது. எங்கள் பக்கமோ முழு மூட்டையும் இறங்கினால்தான் கண்ணைத் திறக்கும்.

"என் மருமக மாதிரியே இருக்கு. முகம் நல்ல வெளுப்பு, வாயைத்தான் திறக்க மாட்டேங்குது" என்றாள் ஸல்ஹா. எல்லோரும் சிரித்தார்கள். மாலெக்கும் சிரிக்கப் பார்த்தான்.

பிறகு அவள் கைப்பேசியை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பரவாயில்ல பொண்ணே. நான் வழக்கம்போல மூட்டையைக் கொண்டாந்து வாசல்ல உக்காந்துக்கறேன்."

திட்டியிருக்கலாம். இப்படிச் சொல்லிவிட்டாளே.

நாங்கள் இதுவரை சோதித்ததெல்லாம் அலுவலகத்தின் வேகமான இணைப்பில், மாலெக்கின் புதுக் கைப்பேசியில். அகாரெபில் தொடர்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிறந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரி நான்.

அக்டோபர் 13, வியாழன்

சிம்ஃபொனியில் முதலிலிருந்து கட்டப்போகிறோம் என்று மாலெக்கிடம் சொன்னேன்.

"ரெண்டு வாரம் குடுங்க அக்கா. அதை இளைக்க வச்சுக் காட்டறேன்."

"இளைக்க வைப்பே. எனக்கு நம்பிக்கை இருக்கு. ஜனவரில அது படுத்துக்கிட்டா யார் எழுப்புவா? நீ இருப்பியா?"

அவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு அது அவ்வளவா தெரியாது மாலெக். அப்ப இங்க இருக்கப்போறது நான் மட்டும்தான்."

"இதை செப்டம்பர்லயே சொல்லியிருக்கலாம்ல? ஏன் சரின்னீங்க?"

தனியாகிவிடுவேன் என்று பயந்ததைச் சொல்லவில்லை. "தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அதுவும் உண்மைதான். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 14, வெள்ளி

வந்தான். காபி போடவில்லை. ஆனால் வந்தான்.

அக்டோபர் 26, புதன்

பத்துப் பக்கங்களில் ஏழு முடிந்தன. அவனுக்குப் பிடிக்காத வேலையை அவன் என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறான். பேச்செல்லாம் "சரி", "முடிஞ்சுது", "அனுப்பிட்டேன்". மதியம் அவன் ரொட்டியை வெளியே எடுத்துக்கொண்டு போகிறான். எதற்குப் பயந்தேனோ அது இவன் இருக்கும்போதே நடக்கிறது. துணைக்காக ஒரு முடிவு எடுத்து, அதை மாற்றி, கடைசியில் துணையும் இல்லை. கெட்டிக்காரிதான் போ.

நவம்பர் 5, சனி

ஆலைகள் திறந்தன. தளம் ஓடுகிறது. அசிங்கமாக, வேகமாக, எல்லாக் கைப்பேசியிலும்.

மாலையில் ஸி ஹெடி கூப்பிட்டார். என்ன உடைந்ததோ என்று நினைத்தபடியே எடுத்தேன்.

"ஒண்ணும் உடையல மகளே. வாசல்ல கூட்டமே இல்ல, அதைச் சொல்லத்தான். ஸல்ஹா வந்தா, அவ நேரத்துக்கு ஆட்டிட்டுப் போயிட்டா. காய் இன்னிக்குப் பறிச்சது."

மாலெக்குக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கொஞ்சம் கழித்து, "நல்ல முடிவு அக்கா" என்றும் வந்தது. அழுதுவிட்டேன்.

நவம்பர் 22, செவ்வாய்

மாலெக்குக்கு ஃப்ரான்ஸில், நாந்த் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. நாங்கள் தூக்கிப்போட்ட அந்த ரியாக்ட் தளத்தைத்தான் நேர்காணலில் காட்டினானாம். அகாரெபில் திறக்காத பக்கம் நாந்தில் சட்டென்று திறந்திருக்கிறது. அவர்கள் அசந்துபோனார்களாம்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்தேன்."

"எதுக்குடா கோவம்? அதுல பாதியை நானும்தானே கெடுத்தேன்" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்று மதியம் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஆக, எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் போயிருப்பான். அது என் கையில் இருந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 16, வெள்ளி

மாலெக்கின் கடைசி நாள். கட்டிப்பிடித்து அழுதான்.

ஜனவரி 16, திங்கள்

வஜ்தி கூப்பிட்டார். இன்னொரு வேலை. நகரத்தில் உள்ள ஒரு பரிசோதனைக்கூடம் மருத்துவர்களுக்கு முடிவுகளை இணையத்தில் காட்ட வேண்டுமாம். எதில் கட்டலாம் என்று கேட்டார். சிம்ஃபொனி என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. வளவளன்னு இழுக்கறதில்ல."

புது ஆள் தேடுவதாகச் சொன்னார். நவம்பரிலிருந்து அதையேதான் சொல்கிறார்.

போனை வைத்துவிட்டு மதிய ரொட்டியைப் பிரித்தேன். பிறகு எதிரில் மாலெக்கின் காலி மேசையைப் பார்த்து, அவன் கேட்பதுபோல் வாய்விட்டே கேட்டேன்: "அக்கா, டாக்டருங்ககிட்ட நல்ல போன் இருக்கு, நல்ல தொடர்பும் இருக்கு. இதுக்காவது புதுசை எடுக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்கு ஒரு மறுப்பும் நானே சொன்னேன். இரண்டு மணி வரை இப்படியே போனது.

நான்தான் ஜெயித்தேன்.