பெயரைக் கேட்டு வந்தவர்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். கால் வீக்கம் வற்றியதா? என்னிடம் மறைப்பது போல டாக்டரிடமும் மறைக்காதே. மாடிப்படி ஏறும்போதெல்லாம் அப்பா உன்னைத் திட்டுகிறார், உங்கள் காலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பேத்தி வந்தால் தூக்கிக்கொண்டு எப்படி ஏறுவேன் என்கிறார். பேத்திதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

பெண் பிறந்தால் என் பெயரைத்தான் வைப்பேன் என்று எழுதியிருந்தாய். பதில் தாமதமானதற்கு வேலையைச் சாக்குச் சொல்லலாம். வேண்டாம் என்று எழுத வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும். இரண்டாவதுதான் வரவில்லை.

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் என் பெயரிலேயே இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அங்கே பெயரைச் சொன்னால் அது அவள். என்னைச் சொல்ல வேண்டுமானால் ‘இன்னொருத்தங்க’ என்பார்கள். இத்தனைக்கும் முதலில் வந்தவள் நான். கேலியாக ஆரம்பித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை போலிருக்கிறது. எங்கள் வேலையில் முடிவு தெரியாது, குட்டிம்மா. யாரோ பதறுவார்கள், நாங்கள் எங்கள் பெயரைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லி, வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடும். ஆள் பிழைத்தாரா என்பது எங்களுக்கு வந்து சேராது. யாரும் தேடிக்கொண்டும் வர மாட்டார்கள். எனக்கு ஒருவர்கூட வந்ததில்லை.

போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், கையில் குழந்தை. காவலாளி என் பெயரைச் சொல்லி, உங்களைப் பார்க்கணுமாம் என்றார். வாசலுக்குப் போய், ‘வாங்க’ என்றேன். அந்த ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி வருவதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டதாம், போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே, பெயர் மட்டும்தான் நினைவில் நின்றது, அதையே இவளுக்கும் வைத்துவிட்டோம் என்றார். அந்த அழைப்பு என்னுடையது இல்லை. அவர் பாதி சொல்லும்போதே தெரிந்துவிட்டது. குழந்தையை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன். அவர்களுக்குத் தெரிந்தது குரல் மட்டும், பேசினால் பிடிபட்டுவிடுவேன். தலையாட்டினேன், சிரித்தேன், குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பெயர்க்காரி ஹெட்போனோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வந்ததும் யாரு வந்தாங்க அக்கா என்று அவள் கேட்டாள். விலாசம் கேட்டு வந்தாங்க என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகச் சொன்னது.

பிறகு ஒரு நாள் சூப்பர்வைசர் தேநீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கிறாளாம். ஒரு பிரசவ அழைப்பில், குழந்தை நீலமாக இருக்கிறது, அழவில்லை என்று அப்பன்காரன் கத்தியதோடு இணைப்பு போய்விட்டது, திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை, செத்துப்போச்சு என்று இவளே முடிவு செய்துகொண்டு போனை எடுக்கவே நடுங்குகிறாள் என்றார். நீங்களாவது பேசிப் பாருங்களேன், ஒரே பேரு, அந்த உரிமையிலயாவது கேப்பா என்று சிரித்தார். அன்று நான் முத்தம் கொடுத்த குழந்தைதான் அது.

அவர்கள் கொடுத்த எண்ணில் குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று குளியலறையில் ஒத்திகை வேறு பார்த்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நான் ஆரம்பித்ததுமே அவள் சொன்னாள்: “தெரியும்மா. அன்னிக்கு வாங்கன்னு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தக் குரலை நான் மறப்பேனா? ஆனா பாப்பாவை நீங்க வாங்குன விதத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?” திட்டியிருந்தால் தேவலை. பச்சை உடம்புக்காரி, நிற்கவே தெம்பில்லாதவள், என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வேலை முடிந்து பை எடுக்கும் அறையில் என் பெயர்க்காரியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். விலாசம் என்று புளுகியதையும். முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: “இப்ப என்ன நிறமா இருக்குக்கா?” மாநிறம் என்றேன். கன்னம் மட்டும் சிவப்பு. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை என்று வெளியே வந்துவிட்டேன். நேற்று அவர்கள் குழந்தையோடு மறுபடி அவளைப் பார்க்க வந்தார்களாம், நான் லீவு போட்டிருந்தேன். மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். என்னோடு பேசுவதில்லை. அழைப்பை எனக்குத் தள்ள வேண்டியிருந்தால் மட்டும் பெயரைச் சொல்கிறாள். தன் பெயரை, என்னைப் பார்க்காமல்.

அதனால் என் பெயர் வேண்டாம். இதைப் படித்த பிறகும் உனக்கு ஆசை இருந்தாலும் வேண்டாம். நீ உன் மகளைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நான் அந்த வாசலில் நிற்பேன். உனக்குப் பிடித்த வேறு பெயராகப் பார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நீங்கள் சிரித்திருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் அதற்குத்தான். ஒன்று மட்டும் மறக்காதே. ஒருவேளை அங்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட நேர்ந்தால், உன் உடம்பு தேறியதும் மாப்பிள்ளையை அந்த அலுவலகத்துக்குத் தகவல் சொல்லச் சொல். போனில் பேசியவரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த நாள், எந்த நேரம் என்றும் சேர்த்துச் சொல்லட்டும். அந்தப் பெயரில் அங்கே இரண்டு பேர் இருக்கக்கூடும்.

உன்,
அம்மா