வெள்ளைச் சட்டையில் வந்த ஹனீபா

செவ்வாய், இரவு

எங்கள் கல்லூரி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஏழுக்கு ஆளாளுக்கு 'உள்ளேன்' போட வேண்டும். பென்ஷன்காரர்களின் வரவு இடாப்பு அது. இன்று நான் போனை அலுமாரியில் வைத்துவிட்டு, மறந்தே போனேன்.

பத்து மணிக்கு அக்குறணையிலிருந்து வகுப்புத் தோழன் ஹனீபா ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"உசிரோட ஈக்கிறியாடா?"

"இருக்கேன்டா. வெள்ளைச் சட்டை எதுக்கு?"

"எதுக்கும் ஈக்கட்டும்னுதான்."

சட்டைப் பையில் ஒரு தாள் தெரிந்தது. பிடுங்கி வாசித்தேன். எனக்கு இரங்கல் உரை! ஆட்டோவிலேயே எழுதியிருக்கிறான். 'பரீட்சையில் யாரையும் பார்த்து எழுதாத நேர்மையாளன்' என்று ஒரு வரி. நான் பார்த்து எழுதியதே அவனைத்தான். இருவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

புறப்படும்போது கிழித்துப் போடச் சொன்னேன். பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நாளை ஆறு மணிக்கே 'உள்ளேன்' போட்டுவிட வேண்டும்.