சீட்டில் எழுதியபடி

அன்புள்ள அக்கா மகளுக்கு,

ராயபுரத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டு, என்னைப்போல் கட்டுப் போடும் டிரெஸ்ஸராகப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு என் பதில் இதுதான்.

ஏழு கப்பல்களைத் தோளில் சுமந்த துறைமுகக் கூலி ஒருவர் எங்கள் வார்டில் கிடந்தார். நர்ஸம்மா நாடி பார்த்து, நின்றுவிட்டது என்று கேஸ் சீட்டில் எழுதினாள். டாக்டர் ஆளைப் பார்க்காமல், அதைப் படித்தே கையெழுத்திட்டார். கால் புண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்க்க நான் போனேன். பிணம் கண் திறந்தது.

"இன்னா டிரெஸ்ஸரே, உசுரு கீதுன்னு சீட்ல எய்து."

"அதுல கை வைக்க எனுக்கு ரைட்டு இல்ல நைனா."

"நர்ஸம்மாகிட்டயாச்சும் சொல்லு."

"அவங்க எய்துனத நான் தப்புன்னு சொல்றதா? வேல பூடும்."

"அப்ப நான் செத்தவன்தான்" என்று அவரே போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சவக்கிடங்குவரை என்னோடு நடந்தே வந்தார். வழியில் கல்மண்டபம் ரோட்டுக் காக்கைகள் ஒதுங்கி வழிவிட்டன.

எல்லாம் என் வழக்கமான புளுகு. நீ படிப்பை முடி. சீட்டில் எழுதுகிறவளாக இரு.

ஒன்று மட்டும் நிஜம். கட்டை அவிழ்த்தபோது அந்தக் கால் வெதுவெதுப்பாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் புளுகு மாமா